கேட்க வேண்டிய கேள்வியும் கேட்கலாகாத கேள்வியும்

சிறு பிள்ளைகள் அடம்பிடிக்கும்போது, "பிள்ளை பிடிகாரன் வருகிறான்" என்று அச்சுறுத்துவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். தாடியும் பரட்டைத் தலையுமாய், தோளிலே ஒரு சாக்குடன் அவன் தெருவில் திரிவான் என்று நம்பியே நாம் அனைவரும் வளர்ந்தோம். வயது வந்த பின்னரும் அந்த நம்பிக்கை நம்மை விட்டு முற்றாக அகன்றதாகத் தெரியவில்லை. பிள்ளைகளை வைத்து நடக்கும் வியாபாரத்தைப் பற்றிப் பத்திரிகையிற் படித்தால், நள்ளிரவும், கறுப்பு வாகனமும், வாயைப் பொத்தும் ஒரு கையுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன.

உண்மை வேறு. பிள்ளையைக் கொண்டு செல்பவர் பெரும்பாலும் பட்டப்பகலிலேயே வருகிறார். பிள்ளைக்கு ஒரு சட்டையும் தாய்க்குச் சிறிது பணமும் கொண்டுவருகிறார். அவர் அதே தோட்டத்தவராகவோ, அயலூரவராகவோ, தூரத்து உறவினராகவோ இருப்பார். பிள்ளை அவரை "மாமா" என்றோ "அக்கா" என்றோ அழைக்கும். தாய் வாசலில் நின்று வழியனுப்பி வைப்பாள். அங்கே கூக்குரல் எழுவதில்லை. எழுவதற்கு யாதொரு காரணமும் எவர் கண்ணுக்கும் தென்படுவதில்லை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம் இதுவே. தோட்டங்களிலும் கிராமங்களிலுமிருந்து பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்குமெனக் கைமாறிப் போவதை எவ்வாறு தடுப்பது, போய்த் துன்புற்று மீண்ட பிள்ளையை எவ்வாறு ஏற்பது என்பதை நேயர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். அரசாங்கத்தாருக்கும் பொலிசாருக்கும் உரிய காரியம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளை புறப்படும் வாசலும் ஒரு குடும்பத்தின் வாசல். சென்று சேரும் வாசலும் ஒரு குடும்பத்தின் வாசல். ஆதலின், குடும்பங்கள் ஒருங்கே அமர்ந்து படிக்கும் இப்பக்கத்தில் இதனைப் பேசுவது பொருத்தமேயாகும்.

சட்டம் சொல்வது என்ன?

ஆட்கடத்தல் என்றும் மனித வியாபாரம் என்றும் இக்குற்றத்தை அழைக்கின்றனர். "கடத்தல்" என்னும் சொல் பலாத்காரமாகத் தூக்கிச் செல்வதையே நினைவூட்டுவதால் பலர் மயங்குகின்றனர். 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை இக்குற்றத்துக்கு மூன்று அங்கங்களை வகுத்தது. முதலாவது செயல்: ஆளைத் திரட்டுதல், கொண்டு செல்லுதல், கைமாற்றுதல், ஒளித்து வைத்தல், ஏற்றுக்கொள்ளுதல். இரண்டாவது வழி: பலாத்காரம், வஞ்சனை, ஒருவரின் ஆதரவற்ற நிலையைத் தனக்கு வாய்ப்பாக்கிக் கொள்ளுதல் முதலியன. மூன்றாவது நோக்கம்: அந்த ஆளைச் சுரண்டுதல்.

இங்கே பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஆள் 18 வயது நிறையாத பிள்ளையாயின், இரண்டாவது அங்கத்தை எவரும் நிரூபிக்க வேண்டியதில்லை. "பிள்ளை தானாக விரும்பி வந்தது", "தாயே அனுப்பிவைத்தாள்" என்னும் வாதங்கள் அங்கே செல்லா. சுரண்டும் நோக்கத்துடன் பிள்ளை கைமாறினாற் போதும், குற்றம் குற்றமே. இலங்கை இந்நெறிமுறையை 2015 ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. அதற்கு முன்னரே, 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நமது தண்டனைச் சட்டக்கோவை இக்குற்றத்தை விரிவாக வரையறுத்துவிட்டது. பிள்ளையொன்று சம்பந்தப்பட்டால் 3 ஆண்டுக்குக் குறையாமலும் 20 ஆண்டுக்கு மேற்படாமலும் சிறைத்தண்டனை விதிக்கலாம்.

"ஏற்றுக்கொள்ளுதல்" என்ற சொல்லை நேயர்கள் மறுமுறை படிக்க வேண்டுகிறோம். அழைத்து வந்த தரகர் மாத்திரமன்று, பிள்ளையைச் சுரண்டுவதற்காகக் கதவைத் திறந்து ஏற்றுக்கொண்டவரும் அச்சொல்லுக்குள் அடங்குவார்.

வேலைக்குச் சென்ற ஒவ்வொரு பிள்ளையும் இவ்வியாபாரத்துக்கு இரையாயிற்று என்று நாம் கூறவில்லை. எனினும், பிள்ளையை வேலைக்கு அமர்த்துவதே தனியாக ஒரு குற்றம் என்பதையும் மறத்தலாகாது. 1956 ஆம் ஆண்டின் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் தொழில் பற்றிய சட்டம் ஆகக்குறைந்த வயதை 14 என்று வைத்திருந்தது. 2016 ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விக்குரிய வயது 16 ஆக உயர்ந்தது; 2021 ஆம் ஆண்டில் வேலைக்குரிய ஆகக்குறைந்த வயதும் 16 ஆயிற்று. ஆகவே, 16 வயது நிறையாத பிள்ளைக்குரிய இடம் வகுப்பறையே. 16 க்கும் 18 க்கும் இடைப்பட்டோரையும் ஆபத்தான தொழில்களில் அமர்த்தலாகாது.

துண்டும் முற்பணமும்

இத்துயரம் நாட்டின் பல பகுதிகளிலும் உண்டு. ஆயினும் மலையகத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் செல்லும் பிள்ளைகளின் கதை நம் எல்லாருக்கும் அண்மையானது. அதன் வேரைத் தேடினால் பழைய ஒரு கணக்குப் புத்தகத்துக்கே சென்று சேருகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அவரும் அந்நியரல்லர், பெரும்பாலும் அதே ஊரவர், அதே உறவினர். பிரயாணச் செலவுக்கும் பழைய கடனுக்கும் முற்பணம் கொடுத்தே அவர் குடும்பங்களை அழைத்து வந்தார். அம்முற்பணம் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் தொழிலாளியின் தலைமேற் கடனாக நின்றது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அச்சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஆள் துண்டிலே எழுதிய தொகையாகி, தோட்டத்துக்குத் தோட்டம் மாறினான். 1921 ஆம் ஆண்டில் சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது.

இன்றைய தரகர் எதனையும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர் வரும் காலத்தைக் கவனியுங்கள். தீபாவளிக்கென வாங்கிய முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் கழிபடும். பங்குனி வெயிலில் கொழுந்து குறையும். குறித்த நிறை பறிக்காத நாளுக்கு அரைப்பேர்தான் விழும். வீட்டில் ஒருவர் நோயிற் படுத்திருப்பார். இன்னொருவர் குடித்துத் தொலைப்பார். 2021 ஆம் ஆண்டில் நாட்கூலி 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மியபோது, அந்த 1,000 ரூபாயின் பெறுமதி எவ்வளவு கரைந்தது என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர். 2024 ஆம் ஆண்டில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாயிற்று.

இத்தகைய வேளையில், "பிள்ளை அங்கே மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடும், நல்ல உடுப்பு உடுக்கும், நோனா படிக்கவும் வைப்பார்" என்று ஒருவர் வந்து சொன்னால், அச்சொற்கள் தாயின் காதில் எவ்வாறு விழும்? பணத்தாசையால் பெற்ற பிள்ளையை விற்றாள் என்று அவளைத் தூற்றுவோர் தூற்றட்டும். பிள்ளையாவது தப்பட்டும் என்ற எண்ணத்துடனேயே பல தாய்மார் வழியனுப்புகின்றனர். அவள் கையில் தரகர் வைக்கும் சில ஆயிரம் ரூபாய், அன்று மாலையே பிள்ளையின் கழுத்தில் ஏறும் கயிறாகிறது. முற்பணம் கழியும்வரை சம்பளமில்லை. சம்பளமில்லாதவரை விடுமுறையில்லை. விடுமுறையில்லாதபோது, உள்ளே நடப்பதை ஊருக்குச் சொல்ல வாயுமில்லை. தாத்தனுக்கு எழுதிய துண்டு ஒழிந்தது. பேத்திக்கு எழுதாத துண்டு இன்னும் ஒழியவில்லை.

2016 ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வொன்று, சட்டத்துக்கு மாறாக உழைக்கும் பிள்ளைகள் 43,714 பேர் என்று கணக்கிட்டது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கு 107,259. தொகை குறைந்தமை நற்செய்தியே. ஆயினும், மாற்றார் வீட்டு அடுக்களையின் பின்புறத்தில் உழைக்கும் பிள்ளை கணக்கெடுப்பவரின் கண்ணில் எளிதிற் படுவதில்லை. "உறவுக்காரப் பிள்ளை, எங்களோடு இருந்து படிக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும், அப்பிள்ளை கணக்கிலிருந்து மறைந்துவிடும். 2021 ஜூலையில், நுவரெலியா மாவட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமியொருத்தி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிர்நீத்தாள். நாடு முழுவதும் அன்று கலங்கியது. ஆனால் அவளைப் போன்ற பிள்ளை ஒரு வீட்டினுள் இருப்பதை நாடு அறிவதற்கு அவள் இறக்க வேண்டியிருந்தது.

வாசலிலே கேட்க வேண்டியவை

பிள்ளை புறப்படும் நாளில் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் வந்தவர் மனம் கோணுவார், உறவு கெடும், கிடைத்த வழியும் அடைபட்டுப் போகும் என்ற அச்சம். அந்த மௌனத்தைத்தான் தரகர் தம் முதலாகக் கொள்கிறார். ஆதலின் கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்திச் சொல்கிறோம்.

முதலாவது, பிள்ளையின் வயது. 16 நிறையவில்லையாயின் மற்றைய கேள்விகளுக்கே இடமில்லை. "இல்லை" என்பதே விடை. வயதைக் கூட்டிச் சொல்லும்படி தரகர் கற்பித்தால், அந்த ஒன்றே அவரை இனங்காணப் போதுமான அடையாளம். பிறப்புச் சான்றிதழைப் பெற்றோர் தம் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். "பாடசாலையிற் சேர்க்க வேண்டும், மூலப் பத்திரத்தைத் தாருங்கள்" என்று கேட்டாலும் கொடுத்தலாகாது.

இரண்டாவது, 16 ஐக் கடந்த இளையவராயினும், போகும் இடம் எது? வீட்டு இலக்கம், வீதி, வீட்டுக்காரரின் முழுப்பெயர், தொலைபேசி இலக்கம் யாவும் எழுத்தில் வேண்டும். "கொழும்பில் ஒரு பெரிய இடம்" என்பது விலாசமாகாது.

மூன்றாவது, வேலை என்ன, எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, அது யார் கையிற் சேரும்? சம்பளம் தரகரின் கையால் வரும் என்றால், பிள்ளைக்கும் அவருக்கும் இடையே ஒரு கணக்கு இருக்கிறது என்று பொருள்.

நான்காவது, பிள்ளை யாருடன் உறங்கும்? அறைக்கு உட்புறம் தாழ்ப்பாள் உண்டா? இக்கேள்வியைக் கேட்கத் தாய்மார் கூசுகின்றனர். கூச வேண்டாம் என்று பணிந்து வேண்டுகிறோம்.

ஐந்தாவது, வாரத்தில் எந்நாள் பிள்ளையுடன் தனிமையிற் பேசலாம்? எப்பொழுது வீட்டுக்கு வரும்? பெற்றோர் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்கலாமா? "ஆறு மாதத்துக்கு வரக்கூடாது, பிள்ளை ஏங்கிவிடும்" என்று சொல்பவரின் கையில் பிள்ளையைக் கொடுத்தலாகாது.

இவற்றைத் தனியொரு தாய் கேட்பது கடினம். ஊர் சேர்ந்து கேட்டால் எளிது. கோயிற் சபையாரும், மாதர் சங்கத்தாரும், தோட்டத்துத் தலைவர்மாரும் கூடி, இவ்வூரிலிருந்து வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் பெயரையும் விலாசத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். செலவு ஒரு கொப்பிக்கும் ஒரு பேனாவுக்கும் மட்டுமே. நேர்மையானவர் அக்கொப்பியைக் கண்டு சினம் கொள்ளார். மற்றவர் அவ்வூருக்கு மறுமுறை வாரார்.

நேபாளத்துப் பெண்கள்

ஊர் கூடினால் இத்தகைய வழக்கம் மாறுமா என்று ஐயுறுவோர்க்கு அயல் நாடொன்றின் வரலாற்றைக் கூறுகிறோம். நேபாளத்தின் மேற்குச் சமவெளியில் தாரு என்னும் மக்கள் வாழ்கின்றனர். மலேரியாக் காய்ச்சலை ஒழித்தபின் அச்சமவெளியிற் குடியேறிய பிறர் கையில் அவர்தம் நிலங்கள் போயின. நிலத்துக்குரியவர் பலர் கடனுக்கு உழைக்கும் அடிமைகளாயினர். நாம் தைப்பொங்கல் கொண்டாடும் அதே நாட்களில் அவர்கள் மாகி என்னும் பண்டிகையைக் கொண்டாடுவர். அப்பண்டிகையின்போதே, சிறு தொகைக்காகப் பெண்பிள்ளைகளை ஓராண்டு ஒப்பந்தத்தில் அந்நியர் வீடுகளுக்கு அனுப்பினர். அப்பிள்ளைகளுக்குக் கம்லரி என்று பெயர்.

2000 ஆம் ஆண்டில் நேபாள அரசாங்கம் ஆடவரின் கடனடிமை முறையை ஒழித்தது. ஆனால் வீடுகளுக்குள் இருந்த பெண்பிள்ளைகள் அங்கேயே இருந்தனர். அக்காலத்தில் ஒல்கா மரே என்னும் அமெரிக்க மாது தொடங்கிய தொண்டு நிறுவனம் ஓர் எளிய வழியைக் கண்டது. மகளை அனுப்பாமல் பாடசாலையில் வைத்திருக்க உடன்படும் குடும்பத்துக்கு ஒரு பன்றிக்குட்டியையோ ஆட்டையோ கொடுத்து, பிள்ளையின் படிப்புச் செலவையும் ஏற்றது. ஓராண்டு வளர்த்து விற்றால், மகளுக்குக் கிடைத்திருக்கும் தொகையை அது ஈடு செய்யும். பெற்றோருக்கு உபதேசம் செய்வதற்கு முன், அவர்கள் கையிலிருந்த கணக்கை அது நேராக்கியது.

அதனினும் பெரிது பின்னர் நடந்தது. மீண்டு வந்த பெண்களே முன்னின்றனர். ஊரூராகச் சென்று தெருக்கூத்து நடத்தித் தாம் பட்டதை நடித்துக் காட்டினர்; பிள்ளையை அனுப்ப நினைத்த தந்தைமாருடன் வாதிட்டனர். 2013 ஆம் ஆண்டில், வீடொன்றில் வேலைக்கிருந்த 12 வயதுச் சிறுமி தீக்காயத்தால் இறந்தபோது அவர்கள் தலைநகர வீதிகளில் இறங்கினர். அவ்வாண்டு ஜூனில் அரசாங்கம் கம்லரி முறை ஒழிந்ததென்று அறிவித்தது. அவர்களைத் தம் ஊரார் வெட்கத்துக்குரியவர்களாக மூலையில் அமர்த்தியிருந்தால் இவற்றுள் ஒன்றும் நடந்திராது.

திரும்பி வந்த பிள்ளையிடம் கேட்கலாகாதவை

நம் ஊர்களில் நடப்பதோ இதற்கு மாறு. புறப்படும்போது கேளாத ஊர், பிள்ளை திரும்பி வந்ததும் கேட்கத் தொடங்குகிறது. "ஏன் வந்துவிட்டாய்? களவெடுத்தாயா? அந்த வீட்டில் ஆண்கள் இருந்தார்களா? உனக்கு என்ன செய்தார்கள்?" குழாயடியிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இக்கேள்விகள் நிற்பதில்லை. பிள்ளையின் முன்னிலையிலேயே தாயிடம் கேட்கின்றனர். அவ்வீட்டிற் பட்ட அடி ஆறக்கூடும்; சொந்த ஊரின் இந்த விசாரணையோ எளிதில் ஆறுவதில்லை. இதனைத் தாங்கமாட்டாமல் மீண்டும் அதே தரகருடன் புறப்பட்டுப் போக நினைக்கும் பிள்ளையும் உண்டு.

திரும்பிய பிள்ளையின் நடத்தையில் சில புதுமைகள் தோன்றலாம். விடியுமுன் எழுந்து எவரும் சொல்லாமலே பெருக்கத் தொடங்கும். பெரியவர் உள்ளே வந்தால் திடுக்குற்று எழுந்து நிற்கும். எல்லாரும் உண்ட பின்னரே உண்ணும். உணவை ஒளித்து வைக்கும். அல்லது காரணமின்றிச் சீறும். இவை திமிருமல்ல, பைத்தியமுமல்ல. அங்கே உயிரைக் காத்துக்கொள்ளப் பழகிய பழக்கங்கள். இங்கே அச்சம் தெளியத் தெளிய மெல்ல நீங்கும். அதற்கு வேண்டியவை ஒழுங்கான உணவு, உறக்கம், அடி விழாத வீடு, அதட்டாத ஒருவர். உறக்கமின்மையும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால், அரசாங்க மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். காய்ச்சலுக்குப் போவது போன்றதே அதுவும்.

பிள்ளை தானாகப் பேசினால் கேளுங்கள், பேசாவிடில் தோண்டாதீர்கள். கேட்டவர் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தைகள்: "நீ சொல்வதை நம்புகிறேன். இதில் உன் குற்றம் ஒன்றுமில்லை." நடந்ததை விபரமாகக் கேட்டறிவது அதற்கெனப் பயின்ற உத்தியோகத்தரின் கடமை. ஒரு பிள்ளை பத்துப் பேரிடம் ஒரே துன்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேரலாகாது என்பதற்காகவே, பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் சட்டமொன்று வழிசெய்தது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும் உதவியும் இழப்பீடும் வழங்குவதற்கு 2015 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2023 ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

வழக்கென்றதும் வேறொன்று தொடரும். வீட்டுக்காரரின் சார்பில் ஒருவர் வந்து, "இவ்வளவு தருகிறோம், சமாதானமாகப் போய்விடலாம்" என்பார். கடனில் மூழ்கிய குடும்பத்துக்கு அது பெருந்தொகையாகத் தோன்றும். பிள்ளைக்குச் செய்த கொடுமை அயலவர் வேலித் தகராறன்று, தொகை பேசித் தீர்ப்பதற்கு. முற்பணம் வாங்கிய காரணத்தால், பிள்ளையை மீட்கும் உரிமையும் முறையிடும் உரிமையும் பெற்றோரை விட்டு நீங்குவதுமில்லை. அன்று அவ்வீட்டார்க்குத் துணையாகப் பக்கத்தில் அமர ஊரில் ஒருவராவது வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் நாட்களில் அந்தத் தாய்க்கு நாட்கூலியும் இல்லை. பஸ் கூலிக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் கைகொடுப்பது சிறு உதவியாகத் தோன்றலாம்; வழக்கு நிற்பதும் விழுவதும் பல வேளைகளில் அதிலேயே தங்கியிருக்கும்.

அடுத்தது கல்வி. இரண்டு மூன்று ஆண்டுகள் பாடசாலையை விட்ட பிள்ளை, தன்னிலும் சிறியோருடன் ஒரே வாங்கில் அமர நாணும். அதிபரும் ஆசிரியரும் மனம் வைத்தால், மாலை வேளைகளிற் தனியே கற்பித்து, தன் வயதினருடன் சேர்த்துவிடலாம். அது இயலாதாயின் கல்வி வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு உண்டு. வயது கூடியோர்க்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் உண்டு. "இனி இவளுக்குப் படிப்பெதற்கு, ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவோம்" என்று அவசரக் கலியாணம் பேசுதல், ஒரு வீட்டுச் சிறையிலிருந்து மீண்டவளை மறு வீட்டுச் சிறைக்கு அனுப்புவதேயாகும்.

ஏற்கும் வீடுகளுக்கு

நகரங்களில் வாழும் நேயர்களிடம் வெளிப்படையாகவே பேச விரும்புகிறோம். பிள்ளையை எதிர்பார்க்கும் வாசல் இல்லாவிடில் தரகருக்கு வேலையில்லை. "எங்கள் வீட்டுப் பிள்ளை போலவே வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் இல்லங்கள் பல. அவ்வாறாயின் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. உங்கள் மகள் எத்தனை மணிக்கு எழுகிறாள். அப்பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது? உங்கள் மகள் எங்கே உறங்குகிறாள்; அது எங்கே உறங்குகிறது? மேசையில் ஒரு கோப்பை உடைந்தால் இருவருக்கும் ஒரே சொல்லா? உங்கள் மகள் படிக்கும் பாடசாலை எது. அப்பிள்ளையின் பாடசாலை எது? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையாயின், அப்பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பித்து, அதன் படிப்புக்கு மாதாமாதம் இயன்றதை அனுப்புங்கள். தருமம் செய்யும் விருப்பம் உண்மையானால் அது தபாலிற் செல்லவும் கூடும்.

கடை வைத்திருப்போர்க்கும் இதுவே சொல்லத்தக்கது. பலசரக்குக் கடையின் பின்னறையிலும் உணவுச்சாலையின் அடுக்களையிலும் நிற்கும் பையன், பெண்பிள்ளையை விட உரமானவன் என்று எவரும் எண்ணற்க. அடி எல்லார்க்கும் நோகும். ஆண்பிள்ளைகளுக்கும் வெளியே சொல்லவியலாத தீங்குகள் நேர்கின்றன. "ஆண்பிள்ளைக்கு என்ன" என்னும் பேச்சே அவர்களின் வாயை அடைக்கிறது.

அயல் வீட்டில் அத்தகைய பிள்ளையைக் கண்டால் 1929 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தோன்றிய தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசச் சேவை அது, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமும், நன்னடத்தை உத்தியோகத்தரிடமும், பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலும் முறையிடலாம். பிள்ளையின் படத்தையும் பெயரையும் ஊரெல்லாம் பரப்புவது உதவியன்று. நாளை அப்பிள்ளைக்கு ஒரு பாடசாலையும், ஒரு தொழிலும், ஒரு வாழ்வும் வேண்டும்.

இறுதியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை ஊரை விட்டு மறைவதை முதலில் அறிபவர் பெரும்பாலும் நீங்களே. உங்கள் பக்கத்து இடம் மூன்று நாள் வெறுமையாயிருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். "கொழும்புக்குப் போகப் போகிறேன், ஒருவரிடமும் சொல்லாதே" என்று தோழியோ தோழனோ இரகசியம் உரைத்தால், அந்த இரகசியத்தைக் காப்பது நட்பாகாது. அதே பிள்ளை ஒருநாள் திரும்பி வந்து வகுப்பறை வாசலில் தயங்கி நின்றால், எங்கே போயிருந்தாய் என்று கேளாதீர்கள். சற்றே நகர்ந்து இடம் கொடுத்து, நேற்று எழுதிய பாடத்தை அதன் பக்கமாகத் திருப்பி வையுங்கள்.